முன்பாரம், பின்பாரம்!

"அப்பா, அடுத்த வாரம் ஒரு ட்ரெய்லர் வாங்கப் போறேன்."

"எந்தப் படத்துக்கு?"

அப்பாவைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்து, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸால்ட் லேக் சிட்டியில், என் வீட்டு ஸோஃபாவில் ஒரு மாதமாக டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு ட்ரெய்லர் என்றால் வேறென்ன தோன்றும்?

"சினிமா ட்ரெய்லர் இல்லப்பா. காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற வண்டி. அதுல சாமான் ஏத்தலாம்."

"அப்ப மொட்டை வண்டின்னு சொல்லு."

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த வார்த்தையை நான் முழுசாகப் புரிந்துகொள்ள 235 மைல் பிரயாணமும், பத்து விநாடி மரண பயமும் தேவைப்பட்டன. அந்தக் கதைதான் இது.

யூட்டாவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போனால் பக்கத்து ஸீட்காரரின் ஷூவில் செம்மண் ஒட்டியிருக்கும். கேட்டால், "மோவாப்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் புன்னகைப்பார், ஏதோ திருப்பதி போய் வந்தவர் மாதிரி. இப்படியே கேட்டுக் கேட்டு நாமும் ஒருநாள் விழுந்துவிடுவோம். நானும் விழுந்தேன். செகண்ட் ஹாண்டில் ஒரு 'ஸைட் பை ஸைட்' வாங்கினேன்.

அதென்ன ஸைட் பை ஸைட்? ஜீப்புக்கும் கோ-கார்ட்டுக்கும் கல்யாணம் ஆகிப் பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்காரலாம். மேலே இரும்புக் குழாய்க் கூண்டு. எஞ்சின் பின்னால். நாலு முரட்டு டயர். பாறை, மணல், பள்ளம் எதையும் லட்சியம் பண்ணாது. ஆனால் ஹைவேயில் 235 மைல் ஓட்டிக்கொண்டு போகிற ஜாதி அல்ல. யாராவது சுமந்துகொண்டு போய் அங்கே இறக்கிவிட வேண்டும்.

"மாமா, இவர் எப்பவும் இப்படித்தான். யானையை வாங்கிட்டுத்தான் அங்குசம் எங்கே கிடைக்கும்னு தேடுவார்" என்றாள் என் மனைவி. அப்பா டி.வி.யைப் பார்ப்பது போல் சிரித்தார்.

அங்குசம் தேடி ஒரு சனிக்கிழமை ட்ரெய்லர் கடைக்குப் போனோம். நான், அப்பா, துணைக்கு ஆபீஸ் சீனியர் ஒருவர். திருச்சிக்காரர். ஏற்கெனவே இரண்டு ட்ரெய்லர் வாங்கி, ஒன்றைக் கெடுத்தவர். ஆகவே அனுபவஸ்தர்.

கடை என்றால் பெரிய மைதானம். இரும்புச் சட்டம், பலகைத் தளம், பின்னால் இறக்கி ஏற்றும் சாய்வுக் கதவு என்று வரிசையாக நூறு வண்டிகள். எனக்கு ஐந்தடிக்கு எட்டடி ஒன்று கண்ணில் பட்டது. குட்டியாக, அழகாக, விலையும் சகாயமாக இருந்தது. காதல் பிறந்துவிட்டது.

திருச்சிக்காரர் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். "உன் வண்டி அகலம் எவ்வளவு?"

"64 அங்குலம்."

"அஞ்சடி எத்தனை அங்குலம்?"

"60..."

"மீதி நாலு அங்குலத்தை என்ன பண்றதா உத்தேசம்? சட்டையா, மேல் பட்டனைப் போடாம விட்டுக்கறதுக்கு?"

காதல் முறிந்தது. புதுசாக வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் சறுக்குகிற இடம் இதுதான் என்றார். வண்டியின் எடையைப் பார்ப்பார்கள், நீளத்தைப் பார்ப்பார்கள், இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் அகலத்தை மட்டும் அளக்க மாட்டார்கள். கடைசியில் உள் அகலம் 77 அங்குலம், நீளம் 12 அடி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். என் வண்டியின் நீளம் ஒன்பதரை அடி. இரண்டரை அடி மிச்சம். இந்த இரண்டரை அடியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வில்லனாக வரப்போகிறது.

சட்டத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் 2,990 பவுண்டு என்று போட்டிருந்தது. பக்கத்து வண்டியிலும் 2,990. அதற்கடுத்ததிலும் 2,990. "என்ன ஸார், பாட்டா கடை விலை மாதிரி இருக்கு?" என்றேன்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் 3,000 பவுண்டு என்ற கோட்டைத் தொட்டால் ட்ரெய்லருக்குத் தனியாக பிரேக் வேண்டும். அதனால் ஒற்றை அச்சு வண்டிகளைக் கோட்டுக்குப் பத்து பவுண்டு இந்தப் பக்கமே நிறுத்தி முத்திரை குத்திவிடுகிறார்கள். பிரேக் செலவு மிச்சம். ஆனால் வாங்குகிறவர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2,990 என்பது நாம் ஏற்றும் சுமை மட்டுமல்ல. ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்த்து. இந்த ட்ரெய்லரின் எடை 1,100 பவுண்டு. மீதி 1,890. என் வண்டி பெட்ரோலோடு 1,600. ஆக, மிச்சம் 290 பவுண்டு. அதாவது சுமார் 130 கிலோ. அதற்குள் ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், கூடாரம், விறகு, ஸ்டெப்னி எல்லாம் அடங்க வேண்டும்.

அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "சரியாத்தான் எழுதி வச்சிருக்கான். மயிலிறகா இருந்தாலும் அளவுக்கு மேல ஏத்தினா அச்சு முறியும்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே" என்றார். திருச்சிக்காரர் அப்பாவைப் புது மரியாதையோடு பார்த்தார்.

அங்கேயே மூலையில் பழைய ட்ரெய்லர் ஒன்று பாதி விலைக்கு நின்றது. டயரில் பட்டன்கள் புதுசு போல இருந்தன. என் கை பர்ஸுக்குப் போனது. திருச்சிக்காரர் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துக்களைப் படித்தார். கடைசி நாலு இலக்கம்தான் டயரின் ஜாதகம். முதல் இரண்டு, எத்தனையாவது வாரம். அடுத்த இரண்டு, எந்த வருஷம். கணக்குப் போட்டால் டயருக்கு ஒன்பது வயது. "தேயறதுக்கு முன்னாடியே வெயில்ல வெடிச்சுப் போற சாதி இது. வருஷத்துல பத்து நாள் ஓடும், மீதி நாளெல்லாம் வெயில்ல நிக்கும்" என்றார். ட்ரெய்லருக்கென்றே 'எஸ்.டி.' என்று முத்திரை போட்ட டயர்கள் தனியாக உண்டு. கார் டயரை மாட்டி ஒப்பேற்றக் கூடாது.

அப்புறம் குண்டு. காரின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். ட்ரெய்லரின் மூக்கு அதன் மேல் தொப்பி மாதிரி உட்காரும். குண்டு ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலத்தில் உண்டு, இரண்டு அங்குலத்தில் உண்டு, அதற்கு மேலும் உண்டு. மூக்கின் மேலேயே எந்த அளவு என்று பொறித்திருப்பார்கள். என்னுடையது இரண்டு அங்குலம். சின்னக் குண்டின் மேலும் அது சமர்த்தாக உட்காரும், தெருமுனை வரை வரவும் செய்யும். முதல் பள்ளத்தில் கழன்று தனி வழி போய்விடும். அப்படிக் கழன்றால் தாங்கத்தான் இரண்டு சங்கிலிகள். அவற்றை மூக்குக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மாட்ட வேண்டும். மூக்கு விழுந்தாலும் ரோட்டில் குத்தாமல் தூளியில் குழந்தை மாதிரி ஏந்திக்கொள்ளும்.

கடைக்காரர் பில் போட்டார். சக்கரத்தின் பேரிங்குக்குக் கிரீஸ் அடிக்கும் இடத்தைக் காட்டினார். "வண்டி மை" என்றார் அப்பா. முதல் 50 மைலில் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கச் சொன்னார். "கடையாணி" என்றார் அப்பா. கடைசியாகக் கடைக்காரர், "பின்னால் வண்டி பாம்பு மாதிரி ஆடினால் பிரேக்கை மிதிக்காதே. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு" என்றார். நான் தலையாட்டினேன், இன்ஷ்யூரன்ஸ் ஏஜென்ட்டிடம் ஆட்டுவதுபோல.

ரிவர்ஸ் எடுப்பது ஒரு தனி அத்தியாயம். வீட்டருகே உள்ள சர்ச்சின் காலி பார்க்கிங்கில் இரண்டு சாயங்காலம் பழகினேன். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். மனைவி கைகாட்டினால் எந்தப் பக்கமும் போகாது. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும் என்ற சூட்சுமம் பிடிபட்டதும்தான் எங்கள் குடும்பத்தில் அமைதி திரும்பியது.

செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை ஏற்றியாகிவிட்டது. வார் போட்டு இழுத்துக் கட்ட வசதியாக, பின் கதவை ஒட்டி நிறுத்தினேன். முன்னால் அந்த இரண்டரை அடி காலி. தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, விறகு எல்லாவற்றையும் ஸைட் பை ஸைட்டின் பின்பக்கத் தொட்டியிலேயே அடுக்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மனைவிக்குக் கார் தேவைப்பட்டதால் ட்ரெய்லரைக் கழற்றி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து நிறுத்திவைத்தேன்.

விடியற்காலை மறுபடி காரில் பூட்டப் போனபோது, அப்பா காபி டம்ளரோடு வந்தார். ட்ரெய்லரின் மூக்கை ஒரு கையால் பிடித்து மெல்லத் தூக்கினார். தூக்கியும்விட்டார்!

"பாத்தீங்களாப்பா, எவ்வளவு லேசா இருக்கு!" என்றேன் பெருமையாக.

"அதான் சரியில்லே. இம்புட்டு சுமையை ஏத்தி வச்சிருக்கே, மூக்கு ஒத்தைக் கையில தூக்க வருது. பின்பாரமா இருக்கு தம்பி."

"அப்பா, இது மாட்டு வண்டி இல்லே."

இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஒன்றும் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க் வரை அகலமான ஹைவே. அங்கிருந்து 6-ஆம் நம்பர் சாலை மலைக்குள் நுழைகிறது. வழியில் திஸ்ல் என்று ஒரு ஊர். இருந்தது என்று சொல்ல வேண்டும். 1983-இல் மலை சரிந்து ஆற்றை அடைத்து, ஊரையே தண்ணீர் விழுங்கிவிட்டது. ரயில் பாதை, சாலை எல்லாம் போய், பிறகு மேலே மலையை வெட்டிப் புதுச் சாலை போட்டார்கள். அங்கே நிறுத்தி நட்டுகளை முடுக்கினேன். அப்பா பள்ளத்தாக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஏற்றம். உச்சியில் ஸோல்ஜர் ஸம்மிட். 7,477 அடி. நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம், ஆனால் வாங்கித் தின்ன வர்க்கி கிடையாது. அந்தப் பக்கம் இறக்கம் ஆரம்பிக்கிறது. ஏறும்போது பூனையாக வந்த ட்ரெய்லர் இறக்கத்தில் புலியானது.

60 மைல் வேகம். இடப்பக்கம் ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டியது. அதன் காற்று ட்ரெய்லரை ஒரு தட்டுத் தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெய்லரின் பின்பக்கம் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்த விநாடி வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம், இன்னும் அதிகமாக. இப்போது ட்ரெய்லர் ஆடவில்லை, காரை ஆட்டியது. நாய் வாலை ஆட்டும் என்பார்கள், இங்கே வால் நாயை ஆட்டியது. என் கால் தானாக பிரேக்குக்குப் போய் லேசாகத் தொட்டது. ஆட்டம் இரட்டிப்பானது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் எதிரே வரும் வண்டிகள். அப்பா முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது ஓரக்கண்ணில் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் கடைக்காரரின் வாக்கு ஞாபகம் வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பி ஈடுகட்டும் ஆசையை அடக்கி, நேராகப் பிடித்தேன். 55... 50... 45... ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. எல்லாம் பத்து விநாடிக்குள். ஓரத்தில் அகலமான இடம் வந்ததும் நிறுத்தினேன். என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

அப்பா தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாரை அவுரு" என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். "மாட்டு வண்டியில பின்பாரம் ஏறிச்சுன்னா நுகத்தடி மேல தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கிரும். மாடு முழி பிதுங்கி, எங்கிட்டுப் போறோம்னே தெரியாம இழுக்கும். அதுக்காக முன்பாரம் ரொம்ப வச்சா கழுத்து ஒடிஞ்சு போகும். கொஞ்சமா முன்பாரம் இருக்கணும். நெல்லு மூட்டை ஏத்தறப்ப கடைசி மூட்டையை எங்க வைக்கிறதுங்கறதுலதான் சூட்சுமமே இருக்கு."

நான் அப்படியே நின்றேன். ட்ரெய்லரின் கையேட்டில் போட்டிருப்பதும் இதையேதான்: மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் மூக்கின் மேல் இருக்க வேண்டும். என் கணக்கில் 290 முதல் 435 பவுண்டு. இரண்டு ஆள் எடை. ஒரு மனிதர் காபி டம்ளரும் கையுமாகத் தூக்கக்கூடிய சமாசாரமே அல்ல அது! பின்னால் எஞ்சின் உள்ள வண்டியைப் பின் கதவோடு ஒட்டி நிறுத்தி, அதன் பின்தொட்டியிலேயே தண்ணீர், விறகு எல்லாம் அடுக்கி, முன்னால் இரண்டரை அடியைக் காலி விட்ட மகா புத்திசாலி நான். கையேட்டைப் படித்திருந்தேன். படித்ததை மூக்கைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

வண்டியை இரண்டடி முன்னால் நகர்த்தினோம். ஐஸ் பெட்டி, கேன்களை முன்னால் மாற்றினோம். நாலு மூலையிலும் வாரை இறுக்கினோம். காரின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து உட்கார்ந்தது. அப்பா பத்தடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "ம்... போ" என்றார். அதற்கப்புறம் எத்தனை லாரி தாண்டியும் ட்ரெய்லர் மூச்சு விடவில்லை.

இறக்கம் முடிந்த இடத்தில் ஹெல்ப்பர் என்று ஒரு சின்ன ஊர். நாங்கள் இறங்கிய இந்தச் சரிவில் ஏற முடியாத ரயில்களுக்குக் கூடுதல் எஞ்சின் மாட்டித் தள்ளிவிட்ட இடம். அந்த உதவி எஞ்சினுக்கு ஹெல்ப்பர் என்று பெயர், அதுவே ஊருக்கும் ஆகிவிட்டது. பெயர்க் காரணத்தைச் சொன்னேன். அப்பா, "ஏத்தத்துல உதவிக்கு ஆள் வருவான். இறக்கத்துலதான் நாமே பாத்துக்கணும்" என்றார். எனக்கா, ரயிலுக்கா என்று கேட்கவில்லை.

கிரீன் ரிவரில் தர்ப்பூசணி வாங்கினோம். அப்பாவே அதை ட்ரெய்லரில் முன்பக்கம் பார்த்து வைத்தார். அங்கிருந்து கொஞ்ச தூரம் கிழக்கே போய்த் தெற்கே திரும்பினால், மலைகள் சிவக்க ஆரம்பிக்கின்றன. செங்கல் சூளைக்குள் நுழைவது போல் மோவாப் வந்தது.

சுமார் ஐயாயிரம் பேர் வசிக்கும் ஊர். 1952-இல் சார்லி ஸ்டீன் என்பவர் பக்கத்தில் பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடிக்க, ஊர் ஒரே இரவில் பணக்காரனானது. யுரேனியம் தேடி ஜீப்பில் அலைந்தவர்கள் போட்ட தடங்களில்தான் இன்று நம் போன்ற ஆபீஸ் குமாஸ்தாக்கள் விளையாடுகிறோம். ஊருக்கு மேலே ஸாண்ட் ஃப்ளாட்ஸ். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மணல் மேடுகளாக இருந்து, அப்படியே இறுகிக் கல்லான பாறைகள். 'வழுக்குப் பாறை' என்று பெயர். லாடம் அடித்த குதிரைகள் வழுக்கினவாம். ரப்பர் டயருக்கோ உப்புத்தாள் மாதிரி பிடிக்கிறது.

வண்டியை இறக்கி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து பெல்ட், ஹெல்மெட் எல்லாம் மாட்டினேன். பாறையில் வெள்ளை பெயிண்ட்டில் போட்ட குறிகளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு பக்கமும் சரிகிற பாறை முதுகில் ஏறும்போது முன்னால் ஆகாயம் மட்டும்தான் தெரிந்தது. அப்பாவிடமிருந்து "முருகா" என்று ஒரே சத்தம். உச்சியில் நிறுத்தினேன். கீழே சிவப்புப் பாறை அலை அலையாக, தூரத்தில் கொலராடோ நதியின் பள்ளம்.

தடத்துக்கு வெளியே மண்ணில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உயிருள்ள மண் அது, ஒரு சக்கரம் ஏறினால் தேற வருஷக்கணக்காகும் என்றேன். "நாத்தங்கால் மாதிரி. மிதிக்கப்படாது" என்றார்.

திரும்பும்போது ட்ரெய்லரில் ஏற்றியது அப்பாதான். அதாவது, அவர் கை காட்டினார், நான் நகர்த்தினேன். என் மனைவி காட்டும்போது போகாத வண்டி, அவர் காட்டிய இடத்தில் அங்குல சுத்தமாக நின்றது. இதை வீட்டில் சொல்லவில்லை.

விசா முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்து, "நாளைக்கு மோவாப் போறேம்ப்பா" என்றால், பத்திரமாப் போ என்றோ, வேளைக்குச் சாப்பிடு என்றோ சொல்வதில்லை. ஒரே கேள்விதான்.

"மூக்கைத் தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. அசையலே."

"அப்ப சரி. போய்ட்டு வா."